படம் யாரைப் பார்த்து நிற்கிறது

1946இல் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ரிச்மண்ட் ஹில் என்ற இடத்திலிருந்த ஒரு பழைய வீட்டின் பரணிலிருந்து கண்ணாடி நெகட்டிவ்கள் வெளிச்சத்துக்கு வந்தன. மொத்தம் 415. கூடவே முந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள், கொஞ்சம் பழைய பிரிண்டுகள். எடுத்தவர் ஜேக்கப் ரீஸ். அவர் இறந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. ரீஸின் புத்தகங்களில் மங்கலாக அச்சாகியிருந்த படங்களின் அசல் எங்கேயாவது இருந்தாக வேண்டும் என்று விடாமல் தேடியவர் அலெக்சாண்டர் ஆலண்ட் என்ற புகைப்படக்காரர். ரீஸின் மகனை அவர் நச்சரிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தகடுகள் குப்பைக்குப் போயிருக்கலாம். மறு ஆண்டு, ஆலண்ட் புதிதாகப் போட்டுக்கொடுத்த பிரிண்டுகளை நியூயார்க் நகர அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. சந்துகளையும் ஒண்டுக்குடித்தனங்களையும் காட்டும் அந்தப் படங்கள் அன்றிலிருந்து புகைப்படக் கலையின் வரலாற்றுக்குள் வந்துவிட்டன.

நகரத்தின் மறைவான மூலைகளைக் காட்டும் கண்காட்சிகள் இன்று உலகெங்கும் நடக்கின்றன. சென்னையிலும் நடக்கின்றன. அவற்றுக்கு ஒரு மூதாதை வேண்டுமென்றால் பெரும்பாலானோர் ரீஸைத்தான் காட்டுவார்கள். ரீஸோ தன்னைப் புகைப்படக் கலைஞராக நினைத்ததே இல்லை. டென்மார்க்கிலிருந்து 1870இல் பிழைப்புத் தேடி வந்து, வேலையில்லாமல் அலைந்து, காவல் நிலையங்களில் வீடற்றவர்களுக்கென்று ஒதுக்கிய கொட்டடிகளில் படுத்தெழுந்து, கடைசியில் பத்திரிகையில் காவல்துறைச் செய்தியாளராகச் சேர்ந்தவர். அலுவலகம் மல்பெரி தெருவில், போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே. இரவு வேலை முடிந்து அவர் நடந்து போன வழியில்தான் ‘மல்பெரி வளைவு’ என்ற, நகரத்தின் மிக மோசமான குடியிருப்பு இருந்தது. தான் பார்த்ததை எழுதினார். படித்தவர்கள் நம்பவில்லை; நம்பியவர்களும் அசையவில்லை. எழுத்துக்குச் சாட்சி தேவைப்பட்டது. கேமரா அப்படித்தான் அவர் கைக்கு வந்தது.

அந்தக் காலத்துக் கேமராவுக்கு இருட்டறையில் வேலை இல்லை. ஜெர்மனியில் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி நொடிப்பொழுதில் வெளிச்சம் உண்டாக்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற சிறு செய்தியை 1887இல் அவர் படித்தார். முதலில் அந்தப் பொடியைத் துப்பாக்கி போன்ற கருவியில் அடைத்துச் சுட வேண்டியிருந்தது. நள்ளிரவில் முன்பின் தெரியாத நாலைந்து ஆட்கள் அறைக்குள் நுழைந்து துப்பாக்கியைத் தூக்கினால் யார் நின்று போஸ் கொடுப்பார்கள்? தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். பிறகு அவர் ஒரு வாணலியில் பொடியைக் கொட்டிக் கொளுத்தத் தொடங்கினார். ஒருமுறை பார்வையற்ற பிச்சைக்காரர்கள் தங்கியிருந்த அறையில் படமெடுத்தபோது சுவரில் தொங்கிய கந்தல் தீப்பற்றிக்கொண்டது. தானே அடித்து அணைத்துவிட்டு வெளியே வந்து காவலரிடம் சொன்னால் அவர் சிரித்தாராம்: அந்த வீட்டில் தீப்பிடிப்பது வழக்கம்தான், சுவரிலுள்ள அழுக்கின் கனத்தில் எரியாமல் அதுவே அணைந்துவிடும் என்று. இதை ரீஸே எழுதி வைத்திருக்கிறார்.

அவர் படங்களில் மிகவும் பேசப்படுவது பேயார்ட் தெரு அறையின் படம். பதின்மூன்று அடிகூட நீளமோ அகலமோ இல்லாத அறையில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர். ஒரு இரவு படுக்க ஐந்து சென்ட். வெளிச்சம் பாய்ந்ததும் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். இன்னொருவர் கண்கள் பாதி திறந்திருக்கின்றன. மற்றவர்கள் எழவே இல்லை. அந்தப் படத்தை எடுக்கலாமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களுக்கு அதைக் காட்டும் எண்ணமும் ரீஸுக்கு இருக்கவில்லை. படம் வேறொரு கூட்டத்துக்காக எடுக்கப்பட்டது. 1888 ஜனவரியில் நியூயார்க் அமெச்சூர் புகைப்படக்காரர் சங்கத்தில் தொடங்கி, பல தேவாலயக் கூடங்களில், வசதியான குடும்பத்தினர் முன்னிலையில், ஸ்லைடுகளை வெண்திரையில் விழவைத்து அவர் மணிக்கணக்கில் பேசினார். 1890இல் அந்தப் பேச்சுகள் புத்தகமாயின.

அந்தப் புத்தகத்தை இன்று படிக்கும்போது முகம் சுளிக்கவைக்கும் பக்கங்கள் நிறைய உண்டு. இத்தாலியர் என்றால் இப்படி, யூதர் என்றால் அப்படி, சீனரை எக்காலத்திலும் நம்ப முடியாது என்று ஒவ்வோர் இனத்துக்கும் பிறவிக் குணம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போகிறார். ‘அவனுங்க புத்தியே அப்படித்தான்’ என்ற பேச்சைத் திண்ணையிலும் அலுவலகத்திலும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தத் தொனி புதிதல்ல. கையில் வெளிச்சத்தோடு போனவர் தன் மனத்திலிருந்த தீர்ப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இத்தோடு ரீஸை மூடிவைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் படங்கள் வேலை செய்தன. மல்பெரி வளைவு இடிக்கப்பட்டு 1897இல் பூங்காவானது. தான் ஒருகாலத்தில் படுத்துறங்கிய காவல் நிலையக் கொட்டடிகளை, நண்பரான தியடோர் ரூஸ்வெல்ட் காவல்துறை ஆணையராக இருந்தபோது, 1896இல் அவர் மூடவைத்தார். அனுமதி கேட்காமல், துப்பாக்கி வெளிச்சத்தில், இழிவான சொற்களோடு காட்டிய படங்கள் ஒரு நகரத்தின் சட்டத்தை அசைத்திருக்கின்றன. மிகுந்த மரியாதையோடு, எல்லாரிடமும் சம்மதம் வாங்கி எடுத்து, நல்ல காகிதத்தில் பிரிண்ட் போட்ட எத்தனையோ படங்கள் ஒரு குழாயடியைக்கூட மாற்றியதில்லை. எடுத்தவரின் மனத்தூய்மையை மட்டும் வைத்து இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது.

இந்த இடத்தில் நான் முக்கியமாக நினைப்பது 1900 பிப்ரவரியில் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் நடந்த கண்காட்சி. புகைப்பட வரலாறுகளில் அதற்கு அவ்வளவாக இடமில்லை. நகர வரலாற்றில் உண்டு. லாரன்ஸ் வீலர் என்பவர் முன்னின்று நடத்திய அந்த ஒண்டுக்குடித்தனக் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருந்தன. ஆனால் படங்கள் தனியாக மாட்டப்படவில்லை. பக்கத்தில் வரைபடங்கள் இருந்தன: எந்த வீட்டில் காசநோய், எந்த வீட்டிலிருந்து தர்ம உதவிக்கு விண்ணப்பம் என்று கறுப்புப் புள்ளிகளாகக் குறித்தவை. நடுவில், ஒரு தெருத்தொகுதியை அப்படியே அட்டையில் செய்து வைத்திருந்தார்கள். உண்மையான தொகுதி அது. கிறிஸ்டி, ஃபோர்சித், கனால், பேயார்ட் தெருக்களுக்கு நடுவில் உள்ளது. 39 கட்டடங்கள், 2,781 பேர், 264 கழிப்பறைகள். குளியல் தொட்டி ஒன்றுகூட இல்லை. ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். அப்போது ரூஸ்வெல்ட் மாநில ஆளுநர். விசாரணைக் குழு அமைந்தது. 1901இல் புதிய குடியிருப்புச் சட்டம் வந்தது. புதிதாகக் கட்டும் வீடு ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறை, ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்று வரும் ஜன்னல் என்று அது விதித்தது.

1900இன் கண்காட்சியையும் 1947இன் கண்காட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். முதலாவதில் படம் ஒரு வழக்கின் ஆவணம். பார்க்க வந்தவரிடம் அது ஒன்றைக் கேட்டது: உன் வரிப்பணம், உன் வாடகை வருமானம், உன் வாக்கு இவற்றோடு இந்த அறைக்குச் சம்பந்தம் உண்டு, என்ன செய்யப்போகிறாய்? இரண்டாவதில் மல்பெரி வளைவு இடிந்து அரை நூற்றாண்டாகிவிட்டது. பார்ப்பவர் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான் நமக்குக் கட்டமைப்பு தெரிகிறது. சுவர்களின் இழைநயம் தெரிகிறது. வெளிச்சமும் நிழலும் முட்டிக்கொள்ளும் அழகு தெரிகிறது. ‘கொள்ளைக்காரர் சந்து’ என்று ரீஸ் பெயரிட்ட படத்தில் தொப்பியோடு படியில் சாய்ந்து நிற்கும் இளைஞர்கள் இன்று நமக்கு நல்ல ஃப்ரேமாக ஆகிவிட்டார்கள்.

பழைய படங்களுக்கு இது நேர்வதில் தவறில்லை. இடிந்துபோன சந்துக்கு அழகாவதற்கு உரிமை உண்டு. இன்றும் ஆட்கள் வசிக்கும் சந்தை, அது இடிந்துபோய்விட்டதைப் போல மாட்டுவதுதான் சிக்கல். நேற்று எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நிறைய வெற்றுச்சுவர் விட்டு, ஊர்ப்பெயரும் ஆண்டும் மட்டும் எழுதி வைக்கும்போது அந்த வாழ்க்கை கடந்த காலமாகிவிடுகிறது. பார்ப்பவரிடம் அது எதையும் கேட்பதில்லை. எந்த மாநகராட்சி வட்டம், யாருடைய நிலம், தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று எழுதினால் கலை கெட்டுவிடும் என்ற ஒரு கூச்சம் நம் காட்சிக்கூடங்களில் இருக்கிறது. ஐந்தாவது அவென்யூவில் கழிப்பறைகளை எண்ணி எழுதிவைத்தவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

ரீஸுக்கு வருவோம். அவர் படங்கள் மேல்தட்டைப் பார்த்து நின்றன என்றால், மூலையில் வாழ்ந்தவர்களைப் பார்த்து நின்ற படமே இல்லையா? இருந்தது. வேறொரு பெயரில், வேறொரு தெருவில் இருந்தது. அது தெரியவர இன்னொரு கண்காட்சி, அதுவும் ஒரு சண்டையோடு, நடக்க வேண்டியிருந்தது.

1969 ஜனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ‘ஹார்லம் ஆன் மை மைண்ட்’ என்ற கண்காட்சியைத் திறந்தது. கறுப்பின மக்களின் பண்பாட்டுத் தலைநகரான ஹார்லத்தின் வரலாற்றை 1900இலிருந்து 1968வரை, சுவரளவு பெரிதாக்கிய புகைப்படங்களாலும் ஒலிப்பதிவுகளாலும் சொல்வது அதன் திட்டம். திறக்கும் முன்பே வாசலில் மறியல் தொடங்கிவிட்டது. மறியலில் நின்றவர்கள் ஹார்லத்தின் கலைஞர்கள். ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான ஒரு பேரருங்காட்சியகம், ஹார்லத்தைப் பற்றிக் கண்காட்சி வைக்கும்போது மட்டும் அங்குள்ள ஓவியர் ஒருவரையும் சிற்பி ஒருவரையும் உள்ளே விடாமல் வெறும் ஆவணப் படங்களை மாட்டுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வெள்ளையர்கள் கலை படைப்பார்கள், கறுப்பர்கள் ஆவணமாவார்கள் என்பதுதான் இதன் பொருள் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஹார்லத்தில் பிறந்து வளர்ந்து அந்தத் தெருக்களை ஆயுள் முழுக்கப் படமெடுத்த ராய் டெகராவா அந்தக் கண்காட்சியில் பங்கெடுக்க மறுத்துவிட்டார்.

அந்தக் குழப்பத்தின் நடுவில், எல்லாரும் வியந்து நின்றது ஒரு முதியவரின் படங்கள் முன்னால். ஜேம்ஸ் வான் டெர் ஸீ. அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. முதல் உலகப்போர் காலத்தில் ஹார்லத்தில் ஸ்டுடியோ போட்டு, ஐம்பது ஆண்டுகளாகத் திருமணம், ஞானஸ்நானம், பள்ளிக்கூடம், சங்கக் கூட்டம், சாவு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் படமெடுத்தவர். 1924இல் மார்கஸ் கார்வியின் இயக்கத்துக்கு அவர்தான் புகைப்படக்காரர். 1932இல் அவர் எடுத்த ஒரு தம்பதியின் படம் உலகப் புகழ்பெற்றது: ரக்கூன் தோல் கோட்டு அணிந்த இருவர், பளபளக்கும் காடிலாக் காரோடு, ஹார்லம் தெருவில். பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த ஆண்டு அது.

வான் டெர் ஸீ உள்ளதை உள்ளபடி எடுத்தவரில்லை. திரைச்சீலை, கைப்பிடி நாற்காலி, பூச்சாடி என்று ஸ்டுடியோவை ஒரு வரவேற்பறையாக்கினார். நெகட்டிவில் டச்சிங் செய்து முகச் சுருக்கத்தை எடுத்தார்; கழுத்தில் இல்லாத நகையை வரைந்து சேர்த்தார். இறந்த குழந்தையின் படத்தில் இரட்டை எக்ஸ்போஷரில் தேவதைகளைக் கொண்டுவந்தார். அந்தப் படங்கள் ஐந்தாவது அவென்யூவைப் பார்த்து நிற்கவில்லை. எடுத்துக்கொண்டவரின் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக எடுக்கப்பட்டவை அவை. ‘நான் இப்படித்தான்’ என்றும், ‘நான் இப்படி இருந்திருக்க வேண்டியவள்’ என்றும் ஒரே நேரத்தில் சொல்பவை. வெளியிலிருந்து வந்த கேமரா வறுமையை மட்டுமே பார்த்துவிட்டுப் போன தெருவில், உள்ளிருந்த கேமரா ஐம்பது ஆண்டுகளாக வேறொரு வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த அந்த வரலாறு அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான் மறைந்திருந்தது.

இதில் கசப்பான பகுதியும் உண்டு. வான் டெர் ஸீயின் பெயர் பத்திரிகைகளில் வந்த அதே 1969இல், வயோதிகத்தில், அவரும் மனைவி கெய்னெல்லாவும் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சொந்த நகரத்தின் மிகப் பெரிய சுவரில் ஒருவரின் படங்கள் தொங்கலாம். அதே நகரத்தில் அவர் தலைக்குமேல் கூரை இல்லாமலும் போகலாம். புகழைக் கொடுத்த கண்காட்சியால் அந்த வெளியேற்றத்தைத் தடுக்க முடியவில்லை. அவருடைய பெருந்தொகுப்பை மெட்ரோபாலிட்டனும் ஹார்லம் ஸ்டுடியோ மியூசியமும் சேர்ந்து முறையாகப் பேண ஏற்பாடானது 2021இல்தான்.

ஸ்டுடியோ என்றதும் நம்மூர் ஸ்டுடியோக்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. தாஜ்மகால் வரைந்த திரை, பிளாஸ்டிக் பூந்தொட்டி, காதில் வைத்துக்கொள்ள ஒரு செத்த டெலிபோன், இரவல் கைக்கடிகாரம், இரவல் கோட்டு. கூலி வேலைக்குப் போன தம்பதி, கல்யாணமான முதல் வாரத்தில் விறைத்து நின்று எடுத்துக்கொண்ட படம். எத்தனையோ குடும்பங்களுக்கு இருந்த ஒரே படம் அது; ஒருவர் போன பிறகு முகத்தை மட்டும் பெரிதாக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சீரியல் பல்பு சுற்றி மாட்டப்பட்டதும் அதுதான். உழைக்கும் மக்கள் தங்களைத் தாங்களே எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட விரிவான ஆவணம் தமிழில் வேறு இல்லை என்றே சொல்வேன். அந்த ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, நெகட்டிவ்கள் பழைய பொருள்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. அதே காலத்தில் ‘அறியப்படாத வடசென்னை’ போன்ற தலைப்புகளில் படங்கள் பெருகின. குத்துச்சண்டை வீரர், கேரம் பலகை, மீன் ஏலம், சுவரில் அம்பேத்கர், கூவத்தின்மேல் சூரிய அஸ்தமனம். எடுத்தவர்களில் பலர் நல்ல கலைஞர்கள். இருந்தும் ஒரே வடசென்னையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அந்தத் தெருவில் கோச்சிங் கிளாஸ் போகும் பெண்ணும், ஈ.எம்.ஐ. கட்டும் ஆளும், பால்கனியில் மணிபிளாண்ட் வளர்ப்பவரும் படத்துக்குள் வருவதேயில்லை. வந்தால் அது மறைவான மூலையாகத் தெரியாதே.

படங்கள் நகரத்தை மாற்றும்போது யாருக்காக மாற்றுகின்றன என்ற கேள்வியும் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. மல்பெரி வளைவு பூங்காவானபோது அங்கே குடியிருந்தவர்களுக்குப் பூங்கா கிடைக்கவில்லை. வேறு ஒண்டுக்குடித்தனம் தேட வேண்டியிருந்தது. கூவம் கரையில் இருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆற்றங்கரைக் குடிசையின் அவலத்தைக் காட்டும் படத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம்: இவர்களுக்கு இங்கேயே வீடு கட்டிக்கொடு என்றும், இவர்களை இங்கிருந்து அப்புறப்படுத்து என்றும். படம் தானாக எந்தப் பக்கமும் பேசாது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் வாய் திறக்கிறது.

பார்வையின் திசையைத் திருப்பிப் பார்த்த ஒரு முயற்சி பாரீஸில் நடந்தது. ஜே.ஆர். என்ற பெயரில் இயங்கும் கலைஞர், புறநகரான மொன்ஃபெர்மேயின் லே போஸ்கே அடுக்ககங்களில் இளைஞர்களைப் படமெடுத்துப் பெரிய சுவரொட்டிகளாக ஒட்டத் தொடங்கினார். அந்த முதல் படங்களில் ஒன்றில், கறுப்பின இளைஞர் ஒருவர் துப்பாக்கியைப் போலக் கையில் எதையோ நம்மை நோக்கிப் பிடித்திருக்கிறார். உற்றுப் பார்த்தால் அது வீடியோ கேமரா. அந்த இளைஞர் லாஜ் லி, அந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர். 2005இல் பக்கத்து ஊரான கிளிஷி-சூ-புவாவில் தொடங்கி புறநகர்களில் கலவரம் வெடித்தது. தொலைக்காட்சி காட்டியதெல்லாம் முகமூடி அணிந்த உருவங்களும் எரியும் கார்களும். ஜே.ஆர். திரும்பிப் போய், 28 மில்லிமீட்டர் லென்ஸில், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று அதே இளைஞர்களை எடுத்தார். அவர்கள் வேண்டுமென்றே முகத்தைக் கோணிக்கொண்டார்கள். நீங்கள் எங்களை அரக்கர்கள் என்றால் இதோ அரக்கர்கள் என்று. அந்த முகங்கள் பாரீஸின் வசதியான பகுதிச் சுவர்களில் ஒட்டப்பட்டன. பலவற்றில் அந்தந்த இளைஞரின் பெயரும் இருந்தது. அனுமதியில்லாமல் ஒட்டிய அதே படங்களைப் பிறகு நகரசபையே தன் கட்டடத்தின்மேல் ஏற்றிக்கொண்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, கேமராவைத் துப்பாக்கியாகப் பிடித்த லாஜ் லி பிறகு அந்தக் கேமராவோடு தன் கதையைத் தானே சொன்னது. அவர் இயக்கிய ‘லே மிசெராப்ல’ 2019இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் வந்து முட்டும் இடம் பாதாளச் சாக்கடை. நகரத்தில் அதைவிட மறைவான மூலை ஏது? இயக்குநர் திவ்ய பாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் வந்தபோது அதைத் திரையிடப் பல இடங்களில் காவல்துறை அனுமதிக்கவில்லை. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் எம். பழனிக்குமார். மதுரைப் பக்கத்தில், மீன் விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய தாயின் மகன். விடியலுக்கு முன்பே தெருவிளக்கின் கீழ் தொடங்கும் அந்தத் தாயின் அன்றாடத்தைப் பல ஆண்டுகள் படமெடுத்தவர். மலக்குழியில் இறந்தவர்களின் வீடுகளுக்கு அவர் தொடர்ந்து போனார். அந்தக் குடும்பங்களின், குழந்தைகளின் படங்கள் கண்காட்சிகளாக வைக்கப்பட்டன. 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்கே தரப்பட்டது. இவற்றையெல்லாம்விட நான் கவனிப்பது இன்னொன்றை: தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் அவர் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார், அவர்கள் எடுத்த படங்கள் வெளிவருகின்றன. அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும் தாயைப் பிள்ளையே எடுக்கும்போது, அந்தப் படம் முதலில் அந்தத் தாயைப் பார்த்து நிற்கிறது. அவள் பார்த்து, சிரித்து, ‘இதை ஏண்டா எடுத்தே’ என்று திட்டிய பிறகே அது நமக்கு வருகிறது.

உள்ளிருந்து எடுத்தால் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தெருவின் படத்தை அந்தத் தெருக்காரர்தான் எடுக்க வேண்டும் என்று விதி போட்டால் பாதி உலகக் கலை காணாமல் போகும். அந்தப் பிள்ளைக்கும், தன் தெருவைத் தவிர வேறெதையும் எடுக்காதே என்று இன்னொரு வேலி கட்டியதாகிவிடும். நான் கேட்பது காட்சிப்படுத்துபவர்களிடம். 2016இல் தொடங்கிய சென்னைப் புகைப்பட பினாலே, 2019இல் பல்கலைக்கழக செனட் ஹவுஸையும் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியையும் திறந்துவிட்டு நிறையப் பேரை உள்ளே அழைத்தது. அதன் நான்காவது பதிப்பு ஏன் படமெடுக்கிறோம் என்ற கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த கேள்வி, எடுத்ததன் முன்னால் யார் நிற்கப்போகிறார்கள் என்பது. படக்குறிப்பில் எடுத்தவரின் பெயர் தவறாமல் இருக்கிறது. படத்தில் இருப்பவர் பெரும்பாலும் ‘தொழிலாளி, ராயபுரம்’. பெயர் போடுவதில் அவருக்கு ஆபத்து இருந்தால் விடலாம். சோம்பலால் விடுவது வேறு. பிரிண்ட் விற்றால் அவருக்குப் பங்கு உண்டா? அவர் வீட்டுச் சுவருக்கு ஒரு பிரதி போனதா? திறப்பு விழாவுக்கு அவரைக் கூப்பிட்டால் வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடுவாரா? இவை கலைக்கு வெளியே உள்ள நிர்வாக விஷயங்கள் அல்ல. ஒரு படம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

மலக்குழிப் படங்களில் இன்னும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. படத்தில் இருக்க வேண்டியவர் இறந்துவிட்டார். அவரைக் கூப்பிட முடியாது. சம்மதம் கேட்க முடியாது. மனிதரைக் கொண்டு மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. 1993க்குப் பிறகு சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தீர்ப்பு இருந்தும் குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக நடக்கின்றன. இறப்புக்கு ஒப்பந்தக்காரர் காரணமில்லை, வீட்டுக்காரர் காரணமில்லை, தானாகத்தான் இறங்கினார் என்று எழுதி முடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே படத்துக்கு ரீஸின் காலத்து வேலை, சாட்சி சொல்லும் வேலை, திரும்பவும் வந்து சேர்கிறது. அத்தோடு வான் டெர் ஸீயின் வேலையும்: செத்தவர் வெறும் சடலமாக அல்ல, சட்டை போட்டு, தலை வாரி, ஒருநாள் நிமிர்ந்து நின்ற மனிதராக நினைவில் இருக்க வேண்டும். பழனிக்குமாரின் படங்களில் இந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பதாலேயே அவை எனக்கு முக்கியமாகின்றன.

காட்சிக்கூடத்தில் அந்தப் படங்களின் முன்னால் நிற்பவர் தனக்குச் சம்பந்தமில்லாத ஓர் இருட்டைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டடத்தின் கழிப்பறையும் ஒரு குழாயில்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் கூப்பிடுவதற்கு ஒரு போன் நம்பர் யாரிடமோ இருக்கிறது. ஆகவே அந்தப் படத்தின் கீழே இன்ன ஊர், இன்ன ஆண்டு என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். யாருடைய கட்டடம், யாருடைய ஒப்பந்தம், இழப்பீடு வந்ததா வரவில்லையா, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுதிவைக்கலாம். கண்காட்சி முடியும் நாளுக்குள் அந்த வரி மாறினால், அடித்துவிட்டுப் புதிய வரியை எழுதலாம். மாறவில்லை என்றால் அடுத்த ஊருக்கு அதே படத்தை அதே வரியோடு கொண்டுபோகலாம்.